பின்சுவர்வரை பார்த்தவருக்கு

கன்டெய்னர் கதவு திறந்ததும் கண்ணில் படும் முன்வரிசையைக் கடைசிவரை நம்பாதவரே! அத்தனை அட்டைப்பெட்டியும் இறங்கி, பின்சுவரின் தகரம் தெரிந்தாலொழியக் கையொப்பமிடாத கண்காணிப்பாளர் அம்மையீர்! சுங்கத் துறையின் சரக்கு முற்றத்தில் உங்களோடு உழைத்த நாங்கள், நீங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறோம்.

உங்களிடம் வேலை பார்த்தது சுகமாக இருந்தது என்று எழுதினால் இந்த அரங்கமே சிரிக்கும். கொட்டும் மழையில் தரைவிரிப்புகளை இறக்க வைத்தீர்கள். கொளுத்தும் வெயிலில் தகரப் பெட்டிக்குள் எங்களோடு நின்று நீங்களும் வெந்தீர்கள். "மேலோட்டமா பாத்தாச்சு மேடம்" என்று ஒருவர் சொன்னதற்கு, "அப்ப கீழோட்டமா யாரு பாக்கறது, எங்க மாமியாரா?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து இந்த முற்றத்தில் 'மேலோட்டம்' கெட்ட வார்த்தை.

உங்கள் வீட்டுக்காரர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். சற்றுமுன் அவர் எங்களிடம் சொன்னது: "ஒரே ஒரு பெட்டிதாங்க, பாத்துட்டு வந்துடறேன்னு சொல்லுவா. அந்த ஒரு பெட்டி முடியறதுக்குள்ள எங்க பொண்ணு காலேஜே முடிச்சிட்டா." அவரிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட மாலை நேரங்களைத் திருப்பித் தர எங்களால் ஆகாது. நன்றி மட்டும் சொல்கிறோம்.

பொம்மைப் பெட்டிகளுக்குப் பின்னால் கடத்தல் சிகரெட் பிடிபட்ட நாளை இங்கே யாரும் மறக்கவில்லை. குவியலைச் சுற்றி எல்லாரும் படத்துக்கு நின்றோம். வாயிற்காவலர்கூட ஓடிவந்து ஓரத்தில் நின்றார். நீங்கள் மட்டும் "கேட்டுல யாரு?" என்று கத்திக்கொண்டே எதிர்ப்பக்கம் ஓடினீர்கள். பொம்மைப் பெட்டிகளை அனுப்பிய அதே கடத்தல்காரனின் லாரி ஒன்று, காவலர் தூக்கியபடியே விட்டுவந்த வாயில் தடுப்புக்கு அடியில் நகர்ந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் போய் நின்றீர்கள். உண்மையான சரக்கு அதில்தான் இருந்தது. முதல் பெட்டி நாம் பிடிப்பதற்கென்றே அனுப்பியது. திரும்பி வந்து நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "படத்துல எல்லார் மூஞ்சியும் நல்லா வந்திருக்கும். பின்னாடி லாரி போறதும் நல்லா வந்திருக்கும்."

கடத்துகிறவர்கள் நம்மைவிட வேகமாகப் பாடம் படிக்கிறார்கள். ஒரு துறைமுகம் இறுகினால் அடுத்ததில் இறக்குகிறார்கள். இரண்டு நாடுகளைச் சுற்றி வந்த பெட்டியில் மூன்றாவது நாட்டின் பெயரை ஒட்டுகிறார்கள். இப்போதெல்லாம் சிகரெட் சிகரெட்டாகவே வருவதில்லை. புகையிலை ஒரு கப்பலில், பில்டர் பஞ்சு இன்னொன்றில், தாள் வேறொன்றில் வருகிறது. ஏதோ ஒரு கிடங்கில் மூன்றும் சேர்ந்து, போலிப் பெயர் அச்சிட்ட பாக்கெட்டாகிக் கடைக்குப் போகிறது. இதை எங்களுக்குப் புரிய வைத்தவர் நீங்கள். போன வாரம் 'நோட்டுப் புத்தகத் தாள்' என்று வந்த பெட்டியில் முன்வரிசை முழுக்க அகலமான தாள்தான். பின்சுவரை ஒட்டி, சிகரெட் சுற்றும் தாள் விரலகலச் சுருள்களாக இருந்தது. ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இந்த அகலத்துல நோட்டு போட்டா எறும்புதான் எழுதணும்" என்றீர்கள். அதே முகவரிக்கு வந்த மற்ற இரண்டு பெட்டிகளையும் அப்போதே நிறுத்தினீர்கள். அவை இன்னும் திறக்கப்படாமல் முற்றத்தில் நிற்கின்றன.

அவற்றை விடுவிக்க அலையும் ஏஜென்ட், நேற்று கேன்டீனில் தன் டிரைவரிடம் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது: "அந்தம்மா வீட்டுக்குப் போகட்டும்பா. மிச்சம் இருக்கறவங்க மேலோட்டமா பாத்து விட்டுருவாங்க." நீங்கள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனீர்கள்.

இன்று காலை, அந்த இரண்டு பெட்டிகளுக்கான முழுப் பரிசோதனை உத்தரவில் கையொப்பமிட நீங்களே வந்து கேட்டீர்கள். நாங்கள் தரவில்லை. உங்களுக்குக் கோபம் வந்தது, வரட்டும். உங்கள் பெயர் அதில் இருந்தால், ஓய்வு பெற்ற ஒருவரின் பிடிவாதம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். நெருக்கடி வந்தால் நாங்களும் அதையே சொல்லித் தப்பிக்கப் பார்ப்போம். இரண்டு வழியையும் அடைத்துவிட்டோம். உத்தரவில் இந்தப் பிரிவின் எல்லா அதிகாரிகளும் கையொப்பமிட்டிருக்கிறோம். கடத்துகிறவர்கள் இனி ஒருவர் வீட்டுக்குப் போவதற்காகக் காத்திருந்து பயனில்லை. நாங்கள் எல்லாரும் ஓய்வு பெறும்வரை காத்திருக்கட்டும்.

அம்மையீர், நோயின்றி நெடுங்காலம் வாழுங்கள். வீட்டாரோடு வெளிச்சம் இருக்கும்போதே அமர்ந்து சாப்பிடுங்கள். நன்றாகத் தூங்குங்கள். நாளைக் காலை அந்த இரண்டு பெட்டிகளையும் பின்சுவர்வரை இறக்குகிறோம். நீங்கள் வர வேண்டாம்.

இப்படிக்கு,
சரக்கு முற்றத்தின் பகல், இரவுப் பணியாளர்கள்