பின்னாடி நடந்து பார்க்காத பூட்ஸ்

"நாம பின்னாடி நடந்து பார்க்கவே இல்லையேடி!"

நன்னிலத்தில் பஸ் ஏறிய இரண்டு இன்ஜினியரிங் மாணவிகள் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் மடியில், அவர்களே செய்த முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ்.

"காலேஜ் தொட்டியில சேறு கொட்டி எத்தனை தடவை நடந்தோம்!"

"முன்னாடி நடந்தோம். நடவு நடறவங்க பின்னாடிதானே போவாங்க? இந்தக் குதிகால் சேத்துல குத்திக்கிட்டா வராதுடி."

"காலை உருவிக்கலாம்ல?"

"பாம்பு நுழையக் கூடாதுன்னு முழங்கால்ல பெல்ட் போட்டு இறுக்கினதே நாமதானே? மல்லாக்க விழ வேண்டியதுதான்."

"சரி, மாத்திடுவோம். அதுக்கு ஏன்டி இப்படிப் பதறுற?"

"இன்னொரு ஜோடியைக் காலையில அம்மாவுக்குக் கொடுத்துட்டேன். அதைப் போட்டுக்கிட்டுத்தான் நடவுக்குப் போயிருக்காங்க. போன வருஷம்தான் அவங்க கால் எலும்பு முறிஞ்சு பிளேட் வச்சது."

"உடனே போன் பண்ணு."

"போன் வரப்புல கிடக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரையேறினாத்தான் தொடுவாங்க."

அப்போது ஜன்னலோரத்தில் இருந்தவளின் கையிலிருந்த போன் அடித்தது.

"பாருடி, அம்மா நம்பர்தான்! எடு."

அவள் எடுக்கவில்லை.

"மணி இன்னும் பத்துகூட ஆகலடி," என்றாள்.