ஆறு நாளாக ஒட்டாத போஸ்டர்

மேடையில் வீற்றிருக்கும் ஐஸ் கம்பெனி மொக்கைச்சாமி அண்ணன் அவர்களே, தாங்க முடியாத துயரத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பயிற்சியாளரின் துணைவியார் தங்கை கனகா அவர்களே, வாடிப்பட்டியிலிருந்து வந்திருக்கும் ரோகிணியின் பெற்றோரே, பசுமலை ஸ்கேட்டிங் மன்றத்துப் பிள்ளைகளே! பயிற்சியாளர் நல்லகாமன் அவர்களோடு பதினெட்டு வருடம் விசில் ஊதிய சோலையம்மாள் டீச்சரின் வணக்கம்.

நான் அடிக்கடி செல்போனைப் பார்த்தால் மன்னியுங்கள். நாலரைக்குப் பட்டியல் வரும் என்கிறார்கள். ஆசியப் போட்டிக்குப் போகும் நம் நாட்டுப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி, மொத்தம் இருபது பேர். அதில் கோல் கீப்பர் இரண்டே பேர். அந்த இரண்டில், தேர்வு முகாமில் இருக்கும் நம் ரோகிணி உண்டா, இல்லையா?

யார் உருவாக்கிய பிள்ளை அவள்? நல்லகாமன் உருவாக்கிய பிள்ளை! பனியே பார்க்காத ஊரில், சிமெண்டுத் தரையில், சக்கர ஷூ மாட்டி உருவாக்கிய பிள்ளை! குளிர் பழக வேண்டுமென்று ஆரப்பாளையத்து ஐஸ் கம்பெனிக்கு அவளைக் கூட்டிப்போனார். மொக்கைச்சாமி அண்ணன் பதறிவிட்டார். “மீனுக்கு ஐஸ் கேப்பாக, நீங்க பிள்ளைய ஐஸுக்குள்ள நிக்க வைக்கக் கேக்குறீகளே! விறைச்சுப் போயிரும்ணே!”

“நானும் கூடவே நிக்கிறேன்ணே” என்றார். நின்றார்! அவள் பேடும் ஹெல்மெட்டும் மாட்டி நின்றாள், இவர் வேட்டி பனியனோடு நின்றார். மறுநாள் காய்ச்சலில் படுத்தது யார்? இவர்தான்!

அவர் மறைந்தது திங்கட்கிழமை. இன்று சனிக்கிழமை. இந்த ஆறு நாளில் மதுரையில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்தீர்களா? காது குத்துக்கே சுவர் கொள்ளாமல் ஒட்டுகிற ஊரில்! அச்சடித்த ஐந்நூறும் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. ஒருவர்கூட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. ஏன்? ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து அவர் கேட்டது அது ஒன்றுதான். “டீச்சர், லிஸ்ட் வர்ற வரைக்கும் அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேணாம். பையத் தூக்கிட்டுக் கெளம்பி வந்துரும்.”

இளவயதில் தேர்வு முகாமிலிருந்து தன் அப்பாவின் சாவுக்கு வந்தவர் அவர். திரும்பிப் போனபோது பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆனாலும் அவர் வந்தார்! இவளை வர விடவில்லை! இது நியாயமா? எனக்குத் தெரியவில்லை. தினமும் போனில் கேட்பாள். “சாருக்குத் தொண்டையில புண்ணு, டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாரு” என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். ஆறு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

இருங்கள்... வந்துவிட்டது! பதினெட்டு... பத்தொன்பது... இருபதாவது பெயர், ரோகிணி! கோல் கீப்பர், தமிழ்நாடு!

கை தட்டுங்கள், தப்பில்லை! கனகா, அழுதுவிடு அம்மா. இத்தனை நாள் அடக்கியது போதும்.

அவளே செய்தி அனுப்பியிருக்கிறாள். படிக்கிறேன். “டீச்சர், பேரு வந்துருச்சு! சார் பேச வேணாம். போனை மட்டும் அவரு காதுல வைங்க. நானே சொல்லிக்கிறேன்.”

...திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு அந்தச் சிமெண்டுத் தரையில் விசிலோடு நான் நிற்பேன். நல்லகாமன் மேல் ஆணை! ஒரு பிள்ளையையும் திருப்பி அனுப்ப மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பது வழக்கம். எல்லாரும் எழுந்து நில்லுங்கள். நான் வெளியே போய் அவளிடம் சொல்லிவிட்டு வருகிறேன். எவ்வளவு நேரமானாலும், நான் திரும்பி வரும்வரை யாரும் உட்காராதீர்கள். அதற்குப் பிறகு போஸ்டரை ஒட்டுங்கள்.