வரி கட்டின மணிக்கூடு

— செத்தவரின்ரை சாமான் எண்டு நீங்களோ போட்டனீங்கள்?

— கத்தாதையும் நிலாணி. பக்கத்து அப்பார்ட்மென்ருக்குக் கேக்கும்.

— கேக்கட்டும். உங்கடை லப்ரொப்பில கஸ்ரம்ஸ் ஃபோர்மின்ரை கொப்பி கிடக்கு. அனுப்பிறவர் வின்சன்ற், பேர்ன். பெறுகிறவர் தவமணி, பரிஸ். சாமான் ஒரு கைமணிக்கூடு. காரணம்: இறந்தவரின்ரை உடைமை. ஆர் அடிச்சது உது?

— நான்தான். உம்மடை தம்பியோடை ஒரே அறையில இருந்த வின்சன்ற் பாசல் கட்டினவன். ஃபோர்ம் நான் இஞ்சையிருந்து ஒன்லைனில நிரப்பிக் குடுத்தன்.

— அம்மாக்குத் தம்பி ராகுலன் செத்தது தெரியாது. ஜனவரியில இருந்து மூடி வைச்சிருக்கிறம். அவவின்ரை இருதயம் தாங்காது எண்டு டொக்ரர் சொன்னதாலை நான் தம்பியின்ரை செத்தவீட்டுக்கே போகேல்லை. போனா அம்மாக்குத் தெரிஞ்சிடும் எண்டு இந்த வெக்ஸ்போர்ட்டில, இந்தக் குசினியில இருந்து வட்ஸ்அப்பில பாத்தனான். நீங்கள் அதை அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்திருக்கிறியள்.

— மாமிக்கு எழுதேல்லையே. பிரெஞ்சுக் கஸ்ரம்ஸுக்கு எழுதினனான்.

— அன்பளிப்பு எண்டு போட்டா என்ன குறைஞ்சு போச்சு? மகன் தாய்க்கு அனுப்பிறான், முடிஞ்சுது.

— நாப்பத்தைஞ்சு யூரோ வரைக்கும்தான் அன்பளிப்பு எண்டு சும்மா விடுவாங்கள். உது ஆயிரத்து நானூறு பிராங் மணிக்கூடு. சுவிஸ் அவங்கடை யூனியனுக்குள்ள இல்லை, விளங்குதோ. பேர்னில இருந்து பரிஸுக்கு ரெயினில நாலைஞ்சு மணித்தியாலம், ஆனா கஸ்ரம்ஸுக்கு அது வெளிநாடு. சுவிஸில செய்த சாமான் எண்டபடியால் தீர்வை இல்லை. வற் வரி இருக்கு, இருபது வீதம். செத்தவரின்ரை உடைமை உரித்தாளிக்குப் போகுது எண்டா அதுகும் இல்லை.

— முந்நூறு யூரோ. முந்நூறு யூரோவுக்காக.

— காசுக்காக இல்லையப்பா. பதினெட்டு வருஷமா கஸ்ரம்ஸ் புறோக்கர் வேலைதானே செய்யிறன். ஒரு பெட்டியைக் கண்டா, அதுக்கு என்ன வரிவிலக்கு எண்டு கை தன்ரை பாட்டில போகுது. எங்கடை ஒஃபிஸ் மரியோ சொல்லுவான், எடுக்கக்கூடிய விலக்கை எடுக்காதவன் புறோக்கர் இல்லை, தபால்காரன் எண்டு.

— மரியோவின்ரை தாயோ பரிஸில இருக்கிறா? மரண அத்தாட்சிப் பத்திரம்?

— அது இல்லாமல் ஏற்கமாட்டாங்கள்.

— அப்ப அதையும் சேத்து அனுப்பியிருக்கிறியள், கிருபன்?

— ஓம். அனுப்பினனான்.

— இனி என்ன நடக்கும்?

— சாமானை மூண்டு கிழமையா மறிச்சு வைச்சிருக்கிறாங்கள். பெறுகிறவருக்கு ஒரு கடிதம் போகும். "இறந்தவருக்கு நீங்கள் என்ன முறை" எண்டு ஒரு கேள்வி இருக்கும். நிரப்பிக் கையெழுத்து வைச்சுத் திருப்பி அனுப்பினா வரி இல்லை. கௌசி அங்கை கூட இருக்கிறவதானே, கடிதத்தை எடுத்துத் தானே நிரப்புவா எண்டு நினைச்சிட்டன்.

— என்ரை தங்கச்சி விடிய வேலைக்குப் போறவள். தபால் வாறது மத்தியானம். ஒப்பரேசனுக்குப் பிறகு அம்மாக்கு இருக்கிற ஒரேயொரு நடை, கீழ இறங்கிக் கடிதப்பெட்டியைத் திறக்கிறதுதான். ஐயோ, முதல்ல உந்த மணிக்கூட்டை அனுப்பினதே பிழை.

— மாமி கேட்டவ. எத்தினை சாட்டுச் சொல்லுறது? "அவன் வராட்டிலும் பரவாயில்லை, கையில கட்டியிருக்கிறதைக் கழட்டி அனுப்பட்டும்" எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவ.

— அவன் அதைக் கழட்டினதை நான் ஒருநாளும் கண்டதில்லை. குளிக்கேக்கையும் கையில கிடக்கும். அந்தக் கையாலதான் ஃபோனைப் பிடிப்பான். அவன் கதைக்கிறது விளங்காது, அந்த டிக் டிக்தான் காதுக்குள்ள நிக்கும்.

— எனக்கும் கேட்டிருக்கு. கையில கட்டியிருந்தாத்தான் அது ஓடும், விளங்குதோ. அசைவு இல்லாட்டி ரெண்டு நாளில நிண்டிடும். ஆஸ்பத்திரியில கழட்டிக் குடுத்ததை வின்சன்ற் அலுமாரியில வைச்சிட்டான். பெட்டியில வைக்கேக்கை செத்துப்போய்... நிண்டுபோய்த்தான் கிடந்ததாம்.

— இண்டைக்கு ஞாயிறு. அம்மாக்கு மெசேஜ் போட்டியளோ?

— இன்னும் இல்லை. ராகுலன்ரை ஃபோன் மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. ஞாயிறு மட்டும்தான் சார்ஜில போடுறனான். போன முறை "சாப்பிட்டியளோ, குளிசை போட்டியளோ, எனக்கு வேலை கூட" எண்டு போட்டன்.

— ஒருக்காவது குரலில கதைச்சு விட்டிருந்தா அவ மணிக்கூடு கேட்டிருக்கமாட்டா. நான் அப்பவே சொன்னனான்.

— செத்தவன்ரை குரலுக்கு நான் எங்கை போறது? அவன்ரை பேரில எழுதிறதுக்கே மனம் கூசுது.

— கஸ்ரம்ஸுக்கு எழுதேக்கை கூசேல்லையாக்கும். சரி, இருந்து யோசிச்சது காணும். பாசல் எங்கை நிக்குது எண்டு பாருங்கோ. கௌசிக்குச் சொல்லி அந்தக் கடிதத்தை எப்பிடியாவது பிடிக்கலாம்.

— பாக்கிறன். பொறும்... உது என்ன?

— என்ன?

— குடுத்தாச்சாம்.

— ஆரிட்டை?

— தவமணி. செவ்வாய்க்கிழமை.

— ஐயோ, கையெழுத்து வைச்சிட்டா. அஞ்சு நாளா அம்மா அதைத் தெரிஞ்சுகொண்டு தனிய இருக்கிறா.

— இல்லை, இல்லை. பொறும். "வரி அறவிடப்பட்டது" எண்டு கிடக்கு. ஃபோர்ம் திரும்பிப் போயிருந்தா வரி அறவிடமாட்டாங்கள். ஆரோ காசைக் கட்டி எடுத்திருக்கினம்.

— கௌசியோ?

— கௌசி கட்டினா எங்களுக்குச் சொல்லாமல் இருப்பாவோ?

— ஃபோன் அடிக்குது. அம்மாதான்.

— எடும். ஸ்பீக்கரில போடும். ஒண்டும் தெரியாத மாதிரிக் கதையும்.

— ஹலோ, அம்மா?

— பிள்ளை, மருமோனும் பக்கத்தில நிக்கிறாரோ?

— ஓம் மாமி, நிக்கிறன். சுகமா இருக்கிறியளோ?

— இருக்கிறன் மோனை. மணிக்கூடு வந்திட்டுது. அதைச் சொல்லத்தான் எடுத்தனான்.

— அப்பிடியே? தம்பி அனுப்பப்போறன் எண்டு சொன்னவன்தான் அம்மா.

— அதுக்கு முதல் ஒரு கடுதாசியும் வந்தது. இருபது வருஷமா இஞ்சை இருக்கிறன், இவங்கடை எழுத்து எனக்கு வாசிக்க வரும். எல்லாம் விளங்காட்டிலும் அந்த ஒரு சொல்லு விளங்கும். உன்ரை அப்பா போகேக்கையும் ஃபோர்ம் நிரப்பினனான்தானே. அதே சொல்லு.

— அம்மா, அது ஒரு பிழை. இவரின்ரை ஒஃபிசில ஆரோ மாறி...

— காணும் பிள்ளை. பத்து மாசம் பொய் சொன்னது காணும். உனக்கும் களைச்சுப்போயிருக்கும்.

— மாமி, எல்லாம் என்னாலைதான். நான்தான் அந்தப் பெட்டியை...

— உம்மில கோவமில்லை. எனக்கு மாசியிலயே தெரியும், ஞாயிற்றுக்கிழமை எழுதிறது நீர் எண்டு. சாப்பிட்டியளோ, குளிசை போட்டியளோ எண்டு என்ரை பிள்ளை தன்ரை சீவியத்தில என்னைக் கேட்டதில்லை. அவன் தன்ரை கதையைக் கதைச்சிட்டு வைச்சிடுவான். மருமக்கள்தான் உப்பிடி வடிவா விசாரிக்கிறது. அதுதான் மணிக்கூட்டைக் கேட்டனான். உயிரோடை இருந்தா அதைக் கழட்டித் தரமாட்டான். கேட்டா ஏசுவான். ஏசிப்போட்டு நாலு நாள் கோல் எடுக்கமாட்டான். நீங்கள் நான் கேட்டு மூண்டு கிழமையில பாசல் கட்டி அனுப்பிப் போட்டியள்.

— அம்மா, அழாதேங்கோ.

— நான் அழேல்லை. நீதான் அழுகிறாய். கௌசிக்கு இப்ப ஒண்டும் சொல்லாதை. அவளும் பாவம், எனக்குத் தெரியாது எண்டு நினைச்சுக் குளியலறைக்குள்ள போய் அழுகிறவள்.

— மாமி... குறை நினைக்காதேங்கோ. எல்லாம் தெரியும் எண்டா, அந்த ஃபோர்மில கையெழுத்து வைச்சிருக்கலாமே. ஒரு சதமும் கட்டியிருக்கத் தேவையில்லை.

— உங்களுக்கு இப்பவும் அதுதான் கதை!

— விடு பிள்ளை, அது அவரின்ரை தொழில். கேக்கட்டும். ரெண்டு நாளாப் பேனையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான், மருமோன். என்ன முறை எண்டு கேட்டிருந்த இடத்தில தாய் எண்டு எழுதினன். கையெழுத்து வைக்கிற இடத்துக்கு வரேக்கை பயம் பிடிச்சிட்டுது. கிழிச்சுப்போட்டுத் தபாற்கந்தோருக்கு மெல்ல மெல்ல நடந்துபோய் முந்நூறு யூரோவையும் குடுத்து எடுத்தனான்.

— என்ன பயம் அம்மா?

— நான் கையெழுத்து வைச்சா, பிறகு அவன் எடுக்கமாட்டான் எண்டு.

— ஆர் எடுக்கமாட்டான்? எழுதினது இவர் எண்டு இப்பதானே சொன்னீங்கள்.

— உவர் எழுதிறது ஞாயிற்றுக்கிழமை. நான் சொல்லுறது புதன்கிழமை.

— புதன்கிழமை என்ன?

— புதன் பின்னேரம் வீட்டு ஃபோனுக்குக் கோல் வரும். நம்பர் காட்டாது. அவன் கதைக்கமாட்டான். நான் கதைப்பன். கால் வீக்கம், கௌசியின்ரை வேலை, சமைச்ச கறி, எல்லாம் சொல்லுவன். அந்தப் பக்கம் மணிக்கூடு மட்டும் கேக்கும். டிக் டிக் எண்டு, காதுக்குள்ள. பிறகு வைச்சிடுவான்.

— கிருபன், அந்த லாச்சியைத் திறந்து பாருங்கோ.

— பாத்திட்டன். ஃபோன் இருக்கு. ஒஃப். சார்ஜே இல்லை.

— என்ன ரெண்டு பேரும் குசுகுசுக்கிறியள்?

— மாமி, அந்த மணிக்கூடு இவ்வளவு காலமும் வின்சன்றின்ரை அலுமாரிக்குள்ள கிடந்தது. பிறகு கஸ்ரம்ஸில. ஜனவரியிலயே நிண்டுபோச்சு. உங்களுக்குக் கேட்டிருக்க ஏலாது.

— என்னட்டை வரேக்கையும் நிண்டுதான் கிடந்தது. ஆனா அது வந்து சேரும் வரைக்கும் ஒரு புதனும் தவறாமல் எனக்குக் கேட்டது.

— வந்த பிறகு?

— செவ்வாய் வந்தது. எடுத்து என்ரை கையில கட்டினன். கொஞ்ச நேரத்தில ஓடத் துவங்கிட்டுது. அடுத்த நாள் புதன். கோல் வந்தது. காதில வைச்சன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கன நேரம் அப்பிடியே இருந்தனான். டிக் டிக் கேட்டதுதான், ஆனா அது என்ரை கையில இருந்து.

— அம்மா, இப்ப கௌசி எங்கை? அவளைக் கூப்பிடுங்கோ.

— அவள் கடைக்குப் போட்டாள். கேளன் பிள்ளை. "ராகுலன்" எண்டு கூப்பிட்டன். பத்து மாசத்தில அண்டைக்குத்தான் முதல்முதலா வாயைத் திறந்தவன்.

— என்ன சொன்னவன், மாமி?

— "அம்மா, இப்ப மணி என்ன?" எண்டு கேட்டவன்.