பாலவனத்தத்தில் இறங்காதது

1946 ஜூன் 3, திங்கள், காலை ஆறு நாற்பது. மேகமில்லை, அந்நேரத்துக்கே வேர்த்தது. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, பாலவனத்தத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினேன். எதிர் சீட்டில் தாலிக்கயிற்றில் மஞ்சள் மாறாத ஒரு பெண்ணும் அவள் கணவனும்.

“மச்சான், மொட்டை போடாம திரும்புனா அத்தை கேப்பாகல்ல?” என்றாள் அவள். பிறகு எனக்கு ஏது தூக்கம்?

“கொடைக்கானல்லயே போட்டுக்கிறேன். பழனிக்குப் போனோம்னுதான சொல்லப்போறோம்.”

“பொய் சொல்லிக் கெளம்புனதே கூசுது.”

“ரெண்டு பேரா மலை பாக்கப் போறோம்னா வீட்டுல விடுவாகளா? மூணு நாளைக்குச் சோறு கட்டியாச்சு. ரூம்பு வாடகைக்கு, அம்மா மஞ்சத்துணியில முடிஞ்சு குடுத்தது இருக்கு.”

“அது முருகன் உண்டியல்ல போடக் குடுத்தது. அந்தக் காசுல எடுத்த ரூம்புக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்.”



“என்னதான் செய்யச் சொல்றே?”

“மொதல்ல பழனி. மொட்டையப் போட்டு, உண்டியல்லயும் போட்டுருவோம். கையில மிஞ்சுனதுக்கு ஒரே ஒரு நாள் மலை.”

“மொட்டைத் தலையோடயா? குளிருமே.”

“என் சீலைத் தலைப்பைப் போத்திக்கிடுங்க.”

கண்டக்டர் என் தோளைத் தட்டினார். “பெரியவரே, பாலவனத்தம் போயி நாலு மைலாச்சு. தூங்கிட்டீகளா?”

ஆமென்று தலையாட்டினேன்.

“இல்லண்ணே,” என்றாள் அந்தப் பெண், தாழ்ந்த குரலில். “இவுக முழிச்சுத்தான் இருந்தாக. நான் சீலைன்னதும் சிரிச்சாக.”

யாரையும் பார்க்காமல் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். விருதுநகர் வரை கூடுதல் டிக்கெட் மூன்றணா, திரும்பிவர மூன்றணா. ஆக எனக்கு ஆறணா தண்டம்.