பணம் கேட்காத திருடன்

அக்கா, இங்கே துணி காயவைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. வெயில் எட்டிப் பார்க்கிறது, உள்ளே வருவதில்லை. அறைக்குள்ளேயே கயிறு கட்டிப் போடுகிறேன். எத்தனை பிழிந்து போட்டாலும் சட்டையில் ஈர வாடை போகமாட்டேன் என்கிறது. இன்று எனக்கு விடுமுறை. கட்டிலில் உட்கார்ந்து போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. ஆஸ்பத்திரி லாண்டரியில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடித்த கைக்கு டைப் அடிக்கத் தெம்பில்லை. குரல் நடுங்கினாலும் எழுத்தில் தெரியாது என்பது இன்னொரு வசதி.

நீ கேட்டது ஒரே கேள்வி. "கண்ணாடி நிஜமாவே அப்படிப்பட்டவன்தானாடா? தங்கச்சி வேற எந்த மாப்பிள்ளையைக் காட்டினாலும் மூஞ்சியைத் திருப்பிக்கிறா. உன் வாயால ஒரு வார்த்தை சொல்லிடு, நான் அவளுக்கு எடுத்துச் சொல்றேன்." நான் சொன்னதை நம்பித்தான் தங்கச்சிக்குக் கண்ணாடியோடு பேசியிருந்த சம்பந்தத்தை நிறுத்தினீர்கள். அதனால் முழுதாகச் சொல்வதுதான் முறை. நடுவில் போன் போடாமல் கடைசிவரை படி.

எங்கள் வெப்சைட் பற்றி உனக்குத் தெரியும். புதிதாக வந்து இறங்குகிற நம் ஆட்களுக்காக மூன்று பேர் சேர்ந்து தொடங்கியது. நான், போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிற, மூக்குக்கண்ணாடியால் அந்தப் பெயர் வாங்கிய கண்ணாடி, துணி தைத்துக் கொடுக்கிற தையலக்கா. பிறகு இன்னும் சிலர் கூடச் சேர்ந்தார்கள். எந்த வீட்டில் அறை காலி, எந்த டாக்டரிடம் தமிழில் பேசலாம், எந்த ஏஜென்ட் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வான், எல்லாம் அதில் இருக்கும். வெப்சைட் பெயரிலேயே ஈமெயில் முகவரியும் உண்டு. அதைச் சின்னக் கார்டாக அடித்துக் கடைகளில் வைத்திருந்தோம். "கஷ்டம்னா எழுதுங்க, அண்ணன்மார் இருக்கோம்" என்று அடியில் ஒரு வரி. அது கண்ணாடி யோசித்த வரி.

வெப்சைட்டின் பெயர் நமக்குச் சொந்தமில்லை அக்கா. வருஷா வருஷம் வாடகை கட்டி வைத்துக்கொள்வது. கட்டத் தவறினால் யார் வேண்டுமானாலும் தன் பெயரில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கென்றே காத்துக் கிடக்கிற கூட்டம் உண்டு. ஆளில்லாத வீட்டில் புகுந்து பூட்டுப் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரனிடமே சாவிக்கு விலை பேசுகிற மாதிரி. எனக்கு இதில் ஆரம்பத்திலிருந்தே பயம். கூடும்போதெல்லாம் சொல்வேன்.

"இதோ அடிச்சிருச்சு அலாரம்" என்பான் கண்ணாடி. "மச்சான், உன் நிழல் உன் பின்னாடி வந்தாக்கூட நீ போலீசுக்குப் போவே."

தையலக்கா வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே சிரிப்பார். "பாத்து தம்பி, நான் இதை முழுங்கிட்டா அதுக்கும் அலாரம் அடிச்சிரப் போற."

எல்லாரும் என்னை அலாரம் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் சிரித்தேன். கோபம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அறை தேடிக் கொடுத்தது நானாக இருக்கும். நன்றி சொல்ல வருகிறவன் கண்ணாடி எங்கே என்று கேட்பான். நீங்களும் போன் எடுத்ததும் அவனைத்தான் முதலில் விசாரித்தீர்கள். "மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" என்பார் அம்மா. நான் சாப்பிட்டேனா என்பது அதற்குப் பிறகு வரும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவன் பேச்சு அப்படி. ஊசி நுழைகிற இடத்தில் உலக்கையை நுழைத்துவிட்டு, அதற்கும் நன்றி வாங்கி வருவான்.

வெப்சைட் பெயருக்கான வாடகை அவன் பேங்க் கார்டிலிருந்து தானாகப் போகும். அந்தக் கார்டை பேங்க் மாற்றிவிட்டது. பணம் போகவில்லை என்ற எச்சரிக்கை அவனுக்கும் வந்தது, எனக்கும் வந்தது. அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவனாகவே கவனிக்கிறானா பார்ப்போம் என்று பேசாமல் இருந்தேன். ஒரு பொறுப்பு என்றால் அதன் மேல் கண் இருக்க வேண்டுமல்லவா. பிறகு வெப்சைட் நின்றுபோனது. எல்லாரும் என்னைக் கேட்டார்கள். சர்வர் கோளாறு, சரியாகிவிடும் என்றேன். பணம் கட்டக் கொடுக்கிற கூடுதல் அவகாசமும் முடிந்தது. பெயர் பொதுவில் வந்த அன்றே என் சொந்தக் கார்டில் வாங்கிவிட்டேன். வாங்கியவர் யார் என்று வெளியே தெரியாதபடி மறைக்க வழி இருக்கிறது, அதையும் செய்தேன். கண்ட திருடன் கைக்குப் போவதற்கு முன்னால் எடுத்து வைத்தேன். இதுவரை நான் செய்ததற்குப் பெயர் காவல்.

அடுத்த கூட்டத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். தையலக்கா கடையில் கூடினோம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லாரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"தம்பி நீ அப்பவே தலைபாடா அடிச்சிக்கிட்டியே" என்றார் தையலக்கா. "நாங்கதான் கேக்கலை."

கண்ணாடி தலையைக் குனிந்தபடி சொன்னான், "எவனோ பேரைத் தூக்கிட்டான் மச்சான். தப்பு என் மேலதான். நீதான் பேசி வாங்கித் தரணும், எங்களுக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாது."

தையலக்கா எழுந்து மெஷின் முன்னால் இருந்த தன் நாற்காலியை எனக்குத் தள்ளினார். அந்த நாற்காலியில் அவர் யாரையும் உட்காரவிட்டதில்லை. உட்கார்ந்த பிறகு நான் எப்படி அக்கா சொல்வது?

அதனால் பேச்சுவார்த்தை நடத்தினேன். எங்கள் சார்பில் திருடனுக்கு எழுதுவேன், திருடன் சார்பில் எனக்குப் பதில் எழுதுவேன். அவனுக்கென்று ஒரு நடை வைத்திருந்தேன், மரியாதையில்லாமல், வெட்டு ஒன்று துண்டு இரண்டாக. கூட்டத்தில் அதை வாசிக்கும்போது எல்லாரும் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொள்வார்கள்.

"என்னதான் வேணுமாம் அந்த நாசமாப்போறவனுக்கு?" என்று ஒருநாள் தையலக்கா கேட்டார்.

அவன் பணம் கேட்கவில்லை. நம் ஆட்களின் காசை என் பைக்குள் போட என்னால் முடியாது. அப்பா நம்மை அப்படி வளர்க்கவில்லை. அந்த நேர்மைதான் என் காலை வாரிவிட்டது. "சும்மா யோசிக்கிறேன்னு சொல்றான்" என்றேன். தையலக்கா நூலைப் பல்லால் கடித்தார்.

"காசு கேக்காத திருடன் வெளியாள் இல்ல தம்பி. இது நம்மள்ல ஒருத்தன் வேலை."

அதற்குப் பிறகு அந்தக் கடையில் சிரிப்புச் சத்தம் இல்லை. டீ கொடுத்தால் யார் ஊற்றியது என்று பார்த்துவிட்டுக் குடித்தார்கள். ஒருவன் போனில் பேச வெளியே போனால், மற்றவர்கள் அவன் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்தார்கள். எனக்கும் எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. இவர்களில் யார் என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்ற சந்தேகம். விவரம் தெரிந்தவன் என்று என்னிடமே வழி கேட்டார்கள். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. "பேங்க் கார்டு யாருது, பாஸ்வேர்டு யார்கிட்ட இருந்துச்சு, அதைத்தான் முதல்ல பாப்பாங்க" என்று பொதுவான முறையைச் சொன்னேன். ஒவ்வொருவராகக் கண்ணாடியைப் பார்த்தார்கள். அவன் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். வேறு எதுவும் செய்யத் தெரியாதபோது அவன் அப்படித்தான் செய்வான்.

இங்கே ஒரு விஷயம் உனக்குப் புரிய வேண்டும். பெயர் யார் கையில் இருக்கிறதோ, அந்தப் பெயருக்கு வருகிற ஈமெயிலும் அவர்கள் கைக்குத்தான் போகும். வெப்சைட் நின்றாலும் கார்டுகள் கடைகளில் இருந்தன. நம் ஆட்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் எனக்கு வந்தது.

அதில் ஒரு பெண். ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ள வந்தவள். குழந்தையின் டேப்லெட்டிலிருந்து எழுதுவாள். அதனால் அவள் பெயருக்குப் பதிலாக ஊதா முயல் படம் ஒன்று வரும். "அண்ணா, பாஸ்போர்ட் அவங்க எடுத்து வெச்சிக்கிட்டாங்க. போனும் இல்ல. வெளிய பூட்டிட்டுப் போறாங்க." பிறகு வீட்டு முகவரியை எழுதினாள். பிறகு, "அண்ணா, அயர்ன்பாக்ஸ் வெச்சுட்டாங்க, கை வீங்கியிருக்கு. யாராச்சும் வாங்கண்ணா."

நான் படிக்காமல் விட்டவன் இல்லை. ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்தேன். கூட்டத்தில் சொன்னால் உனக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள். போலீசுக்குப் போகலாமென்றால் என் விசாப் பேப்பர் அப்போதுதான் உள்ளே போயிருந்தது. பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்கலாம் என்றும் யோசித்தேன். போன் நம்பரைக்கூட எடுத்து வைத்தேன். அதற்குள் ஷிஃப்டுக்கு நேரமாகிவிடும். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது, நல்ல வழியாகக் கிடைக்கட்டும் என்று இருந்தேன்.

அவள் பின்பக்க பால்கனியிலிருந்து குதித்துவிட்டாள். துணி காயப்போடும்போது தவறி விழுந்ததாக வீட்டுக்காரர்கள் சொன்னார்கள், போலீசும் அதையே எழுதிக்கொண்டது. இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது. இனி நடப்பது சந்தேகம் என்றார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருந்தார்கள். அவள் படுத்த விரிப்பும் என் மேஜைக்குத்தான் வந்திருக்கும். கறை போகும்வரை பார்த்து, நன்றாக மடித்துத்தான் மேலே அனுப்பினேன்.

தையலக்கா அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அண்ணனுக்குச் சொல்லிக்கிட்டேதான் இருந்தேங்கிறா. எந்த அண்ணன்டின்னா, கார்டு குடுத்த அண்ணங்கிறா." வீட்டுக்காரியோடு போன் ரிப்பேர் கடைக்கு வந்தபோது அவள் கையில் எங்கள் கார்டைக் கொடுத்தவன் கண்ணாடி.

எல்லாரும் அவன் கடைக்குப் போனார்கள். நானும் போனேன். யாரோ ஒருவர் சட்டையைப் பிடித்தார். யாரோ அடித்தார்கள். மூக்குக்கண்ணாடி தரையில் விழுந்து ஒரு பக்கம் உடைந்தது. அவன் குனிந்து தடவித் தேடிக்கொண்டே கேட்டான், "எனக்கு எந்த மெயிலும் வரலைன்னு நீயாவது சொல்லு மச்சான். உனக்குத்தானே இதெல்லாம் தெரியும்."

"யார் செஞ்சிருந்தாலும் தப்பு தப்புதான்" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

முதலாளி அவனை அன்றே நிறுத்திவிட்டார். இரண்டு தெரு சுற்றி வந்து உனக்குப் போன் செய்தேன். சம்பந்தம் வேண்டாம் என்றேன். நீ அழுதாய். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவன் எந்த ஊருக்குப் போனான் என்று இங்கே யாருக்கும் தெரியாது. அவன் நம்பரும் இப்போது அடிப்பதில்லை.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: கண்ணாடி அப்படிப்பட்டவன் இல்லை. பெயரை எடுத்தது நான். ஈமெயிலைப் படித்தது நான். அவனை அடிக்கும்போது பக்கத்தில் நின்றதும் நான். இதைத் தங்கச்சியிடம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது உன் இஷ்டம். அவன் நல்லவன்தான், அண்ணன் நன்றாக விசாரித்துவிட்டான் என்று மட்டும் சொன்னால் போதும் என்பது என் அபிப்பிராயம். அம்மாவிடம் எதுவும் வேண்டாம். பிரஷர் ஏறிவிடும்.

இங்கே யாரிடமும் சொல்லிவிடாதே. இன்னும் எழுதுகிறார்கள் அக்கா. இந்த வாரம் அதே ஊதா முயல் மறுபடி வந்தது. அதே வீடு, ஆனால் புதுப் பெண். எழுத்தில் நிறையப் பிழை, படிப்பு அதிகம் இருக்காது போல. பூட்டிவிட்டுப் போகிறார்களாம். நல்ல வழி ஒன்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெயருக்கு வாடகை கட்டுகிற நாளும் வந்தது. கண்ணாடி மாதிரி அலட்சியமாக இல்லாமல் முதல் ஆளாகக் கட்டிவிட்டேன். வேறு எவனாவது திருடன் தூக்கிக்கொண்டு போய்விட்டால், அந்தப் பிள்ளைகள் எழுதுவதையெல்லாம் உட்கார்ந்து படிக்க இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?