நியமனக் கடிதம் கேட்டவர்: எனெலெசி சிம்வாசா அம்மையாருக்கு

ஊன்றுகோல் இரண்டும் உறுதி ஒன்றுமாக எங்கள் ஆலைக்குள் அடியெடுத்து வைத்த அம்மையே! பணியாளர் பிரிவின் பெருந்தூணே! கெஞ்சிப் பெறுவதைக் கேவலம் என்றும் கேட்டுப் பெறுவதைக் கண்ணியம் என்றும் எங்களுக்குக் கற்பித்த காரிகையே! தியோலோ மலைச்சரிவின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, லிம்பே நகரின் இந்தத் தேயிலைப் பொதியாலையில் முப்பத்தோர் ஆண்டுகள் முனைந்து உழைத்து, இன்று பணி நிறைவு பெறும் மாண்பமை எனெலெசி சிம்வாசா அம்மையாரே! தங்களை வணங்கி இம்மடலை வாசிக்கிறோம்.

எழுத உட்கார்ந்தபோதே மேலாளர் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஒரு சொல் வந்தது. மடல் சுருக்கமாக இருக்கட்டும், இனிமையாக இருக்கட்டும், பழையதைக் கிளற வேண்டாம் என்றார்கள். இனிமையான பகுதி முடிந்துவிட்டது. இனிக் கிளறப் போகிறோம்.

தங்கள் கதை தங்களுக்குத் தெரியும். இங்கே அமர்ந்திருப்போரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆகவே சிறிது நேரம் தங்களை விட்டு அவையை நோக்கித் திரும்புகிறோம், பொறுத்தருள்க. நாங்கள் வாய்விட்டுப் படிப்பதையெல்லாம் மேடையின் வலப்புறம் நின்று, எதிரே விரித்து வைத்த பிரதியைப் பார்த்துத் தோழர் லிம்பிகானி கைமொழியில் சொல்லிக்கொண்டே வருகிறார்.

அவையோரே, எனெலெசி அம்மையாருக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. கால்கள் இரண்டும் வலுவிழந்தன. எழுத்தர் பயிற்சி முடித்து, தட்டச்சில் முதல் வகுப்பில் தேறி, இருபத்தொன்பதாம் வயதில் இந்த ஆலையின் எழுத்தர் வேலைக்கு நேர்காணலுக்கு வந்தார். வேலை கீழ்த்தளத்தில். நேர்காணல் மேல்தளத்தில். இடையே இருபத்திரண்டு படிகள்.

வாயிற்காவலர் இரக்கப்பட்டு, தவழ்ந்து ஏறிவிடுங்கள் அம்மா, யாரும் பார்க்க மாட்டார்கள் என்றாராம். அம்மையாருக்குத் தவழ்ந்து ஏறத் தெரியும்; பள்ளிக்கூடப் படிப்பு முழுவதையும் அப்படி ஏறித்தான் படித்தார். ஏற முடியும் என்பதாலேயே அன்று ஏற மறுத்தார். மண்ணில் உரசிய பாவாடையோடு அந்த அறைக்குள் நுழைந்தால், எதிரே இருப்பவர்கள் சான்றிதழைப் பார்க்குமுன் அந்த மண்ணைத்தான் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. படியடியில் உட்கார்ந்து, தான் வந்திருப்பதாகவும் கேள்வி கேட்பவர்கள் கீழே இறங்கி வரலாம் என்றும் சொல்லி அனுப்பினார். ஏறி வரட்டும், இல்லையேல் போகட்டும் என்று பதில் வந்தது. அவர் போனார், மறுநாள் காலை வந்தார். அன்றும் அதே பதில். மூன்றாம் நாளும் வந்தார்.

மூன்றாம் நாள் மதியம் நேர்காணல் குழுவினர் சாப்பாட்டுக்கு இறங்கினார்கள். ஊன்றுகோல்கள் கடைசிப் படியின் குறுக்கே கிடந்தன. தலைமைக் கணக்கர் அவற்றை நகர்த்தச் சொன்னார். அம்மையார் சொன்னது இது:

"நேர்காணலை முடிச்சிருங்கய்யா, வழி விட்டுடறேன்."

நசிமா என்ற சோளக்களியும் உசிப்பா மீன் குழம்பும் ஆறிக்கொண்டிருக்க, ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அங்கேயே கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் விடை வந்தது. வேலையும் கிடைத்தது.

ஆனால், அவையோரே, கடிதம் கிடைக்கவில்லை. ஆலை மருத்துவர் படிவத்தில் 'உடல் தகுதி இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார். தகுதி இல்லாதவருக்கு நியமனக் கடிதம் கிடையாது, தினக்கூலியாக இருக்கலாம் என்றார்கள். விடுப்பு இல்லை, ஓய்வூதியக் கணக்கு இல்லை, பிள்ளை பிறந்தால் அந்த நாட்கள் வேலையில்லா நாட்கள். ஆறாண்டுகள் அப்படி ஓடின. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை அவர் ஒரு மனு தட்டச்சு செய்து மேலே அனுப்பினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அவர் ஒரு மாதத்தையும் தவற விடவில்லை.

ஆறாம் ஆண்டின் இறுதியில் தொழிலாளர் துறை ஆய்வாளர் ஒருவர் வந்தார். வருகைப் பதிவேட்டைப் புரட்டியவர், இவ்வளவு சீராக எழுதுவது யார் என்று வியந்து கேட்டார். நான்தான் என்றார் அம்மையார்.

"இதுல உங்க பேரைக் காணோமே?" என்றார் ஆய்வாளர்.

"அதைத்தான் நானும் ஆறு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்யா."

அருகில் நின்ற அதிகாரிகளின் முகம் எப்படி இருந்தது என்பதை அம்மையார் எங்களுக்கு எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறார். இரண்டு வாரத்தில் நியமனக் கடிதம் வந்தது. அதைக் கையில் வாங்கியபோது மகிழ்ச்சியைவிடக் கோபமே மிகுந்தது என்று அவர் சொல்வார். இரண்டு வாரத்தில் தரக்கூடியதை ஆறாண்டு தராமல் வைத்திருந்தார்களே என்ற கோபம். அந்தக் கோபத்தை அவர் வீணாக்கவில்லை. பணியாளர் பிரிவில் அமர்ந்ததும் முதல் வேலையாக நேர்காணல் அறையைக் கீழ்த்தளத்துக்கு இறக்கினார். அடுத்து வந்த ஆண்டுகளில் காது கேளாத ஏழு பேரைப் பொதி கட்டும் பிரிவில் சேர்த்தார். எழுவரில் ஒருவர், இதோ, மேடையில் நிற்கும் லிம்பிகானி.

சலுகை காட்டினார் என்று எவரும் எண்ண வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த மாதமே லிம்பிகானி மூன்று நாள் தாமதமாக வந்தார். காதுதான் கேட்காது, கடிகாரமுமா தெரியாது என்று அம்மையார் கைமொழியிலேயே விளாசியதை அந்தப் பிரிவே பார்த்தது. 'பாவம்' என்ற சொல்லைச் சொன்ன எவரும் அவர் அறையிலிருந்து நல்ல முகத்தோடு வெளியே வந்ததில்லை.

அம்மையார் ஆலையில் சேர்ந்த பதினான்காம் ஆண்டில் அந்த விபத்து நடந்தது. லிம்பிகானி இயந்திரத்தில் சிக்கிய பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தை ஓட்டுமுன் எச்சரிக்கை மணி அடிப்பது வழக்கம், அன்றும் அடித்தார்கள். இயந்திரம் ஓடியது. லிம்பிகானி இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். மறுவாரமே அன்றைய பொது மேலாளர் முடிவெடுத்தார்: மணி கேட்காதவர்களுக்கு ஆலை பாதுகாப்பான இடமல்ல, ஏழு பேரும் அவர்கள் நன்மைக்காகவே நீக்கப்படுகிறார்கள்.

ஆணையைத் தட்டச்சு செய்ய அம்மையாரிடமே கொடுத்தார்கள். அவர் தாளைத் தட்டச்சுப் பொறியில் செருகக்கூட இல்லை. நேரே பொது மேலாளரிடம் போய், கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு காலைப்பொழுது கேட்டார். கணவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. மகள்கள் இருவரும் பள்ளியில். தன் வேலையையும் சேர்த்துத்தான் பணயம் வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை லிம்பிகானி நின்ற அதே இயந்திரத்தின் முன் பொது மேலாளரை நிறுத்தினார். அந்த இயந்திரத்தின் பியூஸை முன்கூட்டியே கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். சுற்றியுள்ள இயந்திரங்கள் எப்போதும்போல் இரைச்சலோடு ஓடின. பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுங்கள் என்று சைகை காட்டினார். மேலாளர் எடுக்கத் தொடங்கினார். அம்மையார் ஓர் ஊன்றுகோலை உயர்த்தினார். மேலாளரின் முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது. மேலாளர் பாக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார். மீண்டும் அடித்தது. மூன்றாம் முறையும் அடித்தது. அவர் அடுத்த பாக்கெட்டுக்குக் கை நீட்டினார்.

அம்மையார் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தச் சொன்னார். நூறு பேர் நின்ற கூடத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது.

"மணி மூணு தடவை அடிச்சாச்சுங்கய்யா. உங்களுக்குக் காது நல்லாத்தானே இருக்கு?"

மேலாளர் கையிலிருந்த பாக்கெட்டைக் கீழே வைத்தார்.

"ஏழு பேரை அனுப்பறதா இருந்தா, எட்டாவதா உங்களையும் அனுப்பணும். இல்லைன்னா விளக்குப் போடுங்க. சிவப்பு விளக்கு. அது எல்லாருக்கும் தெரியும்."

அன்று மாலை வீடு திரும்புகையில் மினிபஸ்ஸில், வேலை போனால் மகள்களின் பள்ளிச் சீருடைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று வழிநெடுகக் கணக்குப் பார்த்துக்கொண்டே போனதாக அவரே சொல்லியிருக்கிறார். அஞ்சாதவர் என்று நாங்கள் அவரைப் புகழ மாட்டோம். அஞ்சினார்; அஞ்சிக்கொண்டே செய்தார்.

எல்லா இயந்திரங்களுக்கும் சிவப்பு விளக்கு வந்தது. ஏழு பேரும் நிலைத்தார்கள்; லிம்பிகானி இன்று அப்பிரிவின் மேற்பார்வையாளர். அந்த விளக்குகள் வந்த நாள்முதல், காது கேட்பவர்களின் விரல்களும் தப்பின என்பதை இங்கே அமர்ந்திருக்கும் பலர் தங்கள் கைகளைப் பார்த்தே அறியலாம்.

அம்மையாருக்குக் கிடைத்த பரிசு வேறு. ஒரே மாதத்தில் அவரைக் கிடங்கு வாசலுக்கு மாற்றினார்கள். தகரக் கூரை, ஒரு முக்காலி, வண்டி எண் எழுத ஒரு நோட்டு. சிப்பெரோனி என்ற குளிர்காலச் சாரல் அடிக்கும் நாட்களில் நோட்டு நனையாமல் இருக்கத் தன் தோள்துணியால் அதை மூடிவிட்டுத் தான் நனைந்தார். இரண்டாண்டுகள் அங்கே இருந்தால் ஓய்ந்துபோவார் என்று கணக்குப் போட்டார்கள்.

அது அவர்கள் செய்த பெரிய தவறு. வேலை கேட்டு வரும் ஊனமுற்றவர்கள் அத்தனை பேரும் வாசலிலேயே காவலர்களால் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்பதை அங்கே உட்கார்ந்த பிறகுதான் அவர் கண்ணால் கண்டார். உள்ளே இருந்தவரை விண்ணப்பம் வரவில்லை என்று நினைத்திருந்தார். விண்ணப்பம் வந்துகொண்டே இருந்தது, வாசலைத் தாண்டவில்லை. ஒவ்வொருவரையும் நிறுத்தி, பெயரும் படிப்பும் ஊரும் எழுதி, விண்ணப்பத்தை வாங்கி வைத்தார். இரண்டாண்டு கழித்துப் பணியாளர் பிரிவுக்குத் திரும்பியபோது அவர் கையில் ஒரு தடித்த கட்டு இருந்தது. இன்று இந்த ஆலையில் நியமனக் கடிதமும் விடுப்பும் ஓய்வூதியமும் உடைய ஊனமுற்ற தொழிலாளர் நாற்பத்து மூவர். அவர்களில் பலரின் பெயர் அந்தக் கட்டில் முதன்முதலாக எழுதப்பட்டது.

அம்மையே, இனித் தங்களை நோக்கியே திரும்புகிறோம். தங்களிடமிருந்து ஒரு வாரமாக ஒன்றை மறைத்தோம். மன்னிக்க வேண்டும்.

சென்ற திங்கட்கிழமை தங்கள் இடத்துக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பு பலகையில் ஒட்டப்பட்டது. விண்ணப்பிப்பவர் முழு உடல் தகுதி உடையவராக இருத்தல் வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. நாங்கள் போய்க் கேட்டோம். இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இன்றைய மேலாளர் திரு. மசீயே, அந்த வேலைக்கு ஆலை முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கும் என்று விளக்கினார். முப்பத்தோரு வருஷமாக யார் சுற்றினார்கள் என்று கேட்டோம். யோசிக்கிறேன் என்றார். நேற்று மாலை வரை யோசித்துக்கொண்டிருந்தார்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களே, நிகழ்ச்சி நிரலில் அடுத்தது பரிசளிப்பு. அதற்கு முன், அந்த வரியை நீக்கக் கோரி இருநூற்றுப் பதினெட்டுப் பேர் கையெழுத்திட்ட இந்தக் கடிதத்தை, அம்மையாரின் முன்னிலையிலேயே தங்கள் கையில் தருகிறோம். பதிலை இந்த மேடையிலேயே சொல்லலாம். காத்திருக்கிறோம், காத்திருக்க எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அம்மையே, எழுந்திருக்க வேண்டாம். ஊன்றுகோலைத் தேட வேண்டாம். தங்கள் முகம் சிவப்பது இங்கிருந்தே தெரிகிறது. ஆயினும் இந்தச் சண்டை தங்களுடையது அன்று, எங்களுடையது. மகள்கள் மருமகன்கள் பேரப்பிள்ளைகள் சூழ, தியோலோவின் பச்சை மலைகளைப் பார்த்தபடி, நோயின்றி நொடியின்றி, தட்டச்சுச் சத்தம் கேட்காத நெடுங்காலை வேளைகள் பலநூறு காண்பீர்களாக! கோபம் மட்டும் குறையாதிருப்பீர்களாக!

தாங்கள் வீட்டுக்குப் போகலாம். நாங்கள் இங்கேதான் இருப்போம்.

என்றும் தங்கள் பேரன்புக்குரிய,
கடிதம் பெற்ற நாற்பத்து மூவரும், உடன் உழைக்கும் தோழர் அனைவரும்,
தேயிலைப் பொதியாலை, லிம்பே.