பதுளைக்கு எடுத்த டிக்கெட்

எனக்கு எழுபத்தொரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். மடுல்சீமை பஸ்ஸில் முன் சீட்டில் நான் கேட்ட பேச்சு இது. டாக்டராக வேண்டும் என்ற மகளைக் கூட்டிக்கொண்டு, பதுளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒருத்தி போனாள். பக்கத்தில் இருந்தவளின் மகள் போகிற வழியில் பசறையில் படிக்கிறாள்.

"எம்மக சோத்துப் பெட்டி மூடியில தவளைய அறுத்துட்டு வந்திருக்காக்கா," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஏன், அங்க லேப் கெடையாதா?"

"கெடையாது. சொல்லிக்குடுக்க சார் இருக்காரு. பதுளை டவுன்ல லேப் இருக்கு, சார்தான் மாறிப் போயிட்டாரு."

பதுளையில் சேரப் போன மகள் தாயின் கையைச் சுரண்டினாள். "அம்மா, நானும் தவளை அறுக்கணும்."

தாய் பையைத் தூக்கி மடியில் வைத்தாள். பிறகு, "கண்டக்டர் தம்பி, பசறையில எறக்கி விடுங்க," என்றாள்.

"பதுளைக்குல்ல டிக்கெட் எடுத்தீங்க?"

"மிச்சத் தூரத்துக்கு நீங்களே போயிட்டு வாங்க."

பஸ்ஸே சிரித்தது.

பேத்தி, நான் சொல்லி நீ எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டு. அந்தப் பிள்ளை இறங்குகிற இடத்தை மெதுவாக வாசி.